ஐந்து லட்சம் துப்பாக்கிகளும் ஒரு பாதி வாக்கியமும்

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு மேற்கோள் தவறாமல் வந்து நிற்கும்: "வேறு எந்த நாட்டு மக்களுக்கும் அநேகமாக இல்லாத ஓர் அனுகூலம் அமெரிக்கர்களுக்கு உண்டு, அவர்கள் கையில் ஆயுதம் இருக்கிறது." ஜேம்ஸ் மேடிசன் எழுதியது. 1788 ஜனவரி 29 அன்று வெளியான ஃபெடரலிஸ்ட் 46-ஆம் கட்டுரையில் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் தந்தை என்று அழைக்கப்படுபவரே சொல்லிவிட்டார், இதற்கு மேல் என்ன பேச்சு என்பதுபோல இந்த வரி கையாளப்படுகிறது.

ஆனால் மூலத்தில் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. மேடிசன் ஒரே மூச்சில் மேலும் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறார். ஒன்று, மக்கள் பற்று வைத்திருக்கும் மாநில அரசுகள் இருப்பது. மற்றொன்று, குடிப்படையின், அதாவது தேவைப்படும்போது ஆயுதம் ஏந்தும் சாதாரணக் குடிமக்கள் படையின், அதிகாரிகளை அந்த அரசுகளே நியமிப்பது. பேராசைக்காரர்களின் சூழ்ச்சிக்கு எதிரான அரணாக அவர் காட்டுவது மாநில அரசையும் அதன் படையமைப்பையும்தான். ஆயுதம் அந்த அரணின்மேல் கூடுதலாக வருகிற பலம். அடுத்த வரிகளில் ஐரோப்பாவுக்குப் போகிறார். அங்குள்ள அரசுகள் தம் மக்களை நம்பி ஆயுதம் தர அஞ்சுகின்றன என்கிறார். ஆயுதம் மட்டும் கிடைத்தாலே அந்த மக்கள் நுகத்தடியை உதறிவிட மாட்டார்கள் என்று சொல்வதற்கில்லை என்று சற்றுத் தயங்கி எழுதுகிறார். ஆயுதத்தோடு அவர்களே தேர்ந்தெடுத்த உள்ளூர் அரசுகளும், அவை நியமித்த அதிகாரிகளும் சேர்ந்துவிட்டால் ஐரோப்பாவின் கொடுங்கோல் அரியணைகள் எல்லாம் விரைவில் கவிழும் என்று சொல்லும்போது மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. வெட்டப்பட்ட மேற்கோளில் காணாமல் போவது இந்த இரண்டாவது பாதி.

ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் எந்தச் சண்டைக்காக எழுதப்பட்டவை என்று தெரிந்துகொண்டால்தான் இது புரியும்.

சுதந்திரப் போர் முடிந்து சில ஆண்டுகளில், 1786-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதி விவசாயிகள் கடனும் வரியும் தாங்காமல் கிளர்ந்தெழுந்தார்கள். கடன் வழக்குகள் நடக்கக் கூடாதென்று நீதிமன்றங்களை மறித்தார்கள். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த ஆயுதக் கிடங்கைக் கைப்பற்ற வந்தபோது மாநிலக் குடிப்படை பீரங்கியால் சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். டேனியல் ஷேய்ஸின் பெயரால் அறியப்படும் இந்தக் கலகத்தின்போது மத்திய அரசிடம் அனுப்புவதற்குப் படையும் இல்லை, படை திரட்டப் பணமும் இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய மாநாடு செப்டம்பர் 17 அன்று புதிய அரசியல் சாசனத்தோடு எழுந்தது. அது நடைமுறைக்கு வர மாநிலங்கள் தத்தம் மாநாடுகளில் ஒப்புதல் தர வேண்டும். படை திரட்டும் அதிகாரம் இனி மத்திய அரசுக்கு. மாநிலங்களின் குடிப்படைகளை ஒழுங்கமைக்கவும், தேவையானபோது அழைக்கவும் அதிகாரம் காங்கிரஸுக்கு. குடிப்படை அதிகாரிகளை நியமிப்பதும் பயிற்சி தருவதும் மாநிலங்களிடம் விடப்பட்டன.

ஆங்கிலேயச் சிப்பாய்களை வீதியில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு நிரந்தரப் படை என்றாலே கசப்பு. அதை நிறுவும் அதிகாரத்தைத் தொலைதூரத்தில் அமர்ந்திருக்கும் ஓர் அரசுக்குத் தருவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்த எதிர்ப்பைத் தணிக்க, நியூயார்க் மாநில மக்களை முன்னிறுத்தி, 1787 அக்டோபர் 27 முதல் பத்திரிகைகளில் வெளியானவைதான் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள். மொத்தம் 85. அலெக்சாண்டர் ஹாமில்டன் 51, மேடிசன் 29, ஜான் ஜே 5 என்பது இன்று பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. மூவருக்கும் ஒரே புனைபெயர், பப்ளியஸ். இவை சட்ட விளக்க உரைகளாக எழுதப்பட்டவை அல்ல. அவசரத்தில், வாரத்துக்கு மூன்று நான்கு என்ற வேகத்தில், வாக்குக் கேட்டு எழுதப்பட்ட பிரசாரக் கட்டுரைகள். மிக உயர்ந்த தரத்துப் பிரசாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் பிரசாரம். துப்பாக்கி உரிமைக்காக இன்று மேற்கோள் காட்டப்படும் வரிகள் எல்லாம் வலுவான மத்திய அரசையும் அதன் படையையும் நியாயப்படுத்த எழுதியவர்களின் வரிகள். இந்த முரணை மறந்துவிட்டு அவற்றைப் படித்தால் அர்த்தம் தலைகீழாகும்.

மேடிசன் 46-இல் போடும் கணக்கைப் பார்க்கலாம். எந்த நாடும் தாங்கக்கூடிய நிரந்தரப் படையின் உச்ச அளவு மக்கள்தொகையில் நூற்றில் ஒரு பங்கு, அல்லது ஆயுதம் ஏந்தும் வல்லமை உள்ளவர்களில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்கிறார். அன்றைய அமெரிக்காவுக்கு அது இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் பேருக்கு மேல் போகாது. எதிரே நிற்பது கையில் ஆயுதம் ஏந்திய குடிமக்கள், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். தம்மிடையே இருந்து தேர்ந்த அதிகாரிகளின் கீழ், தம் மாநில அரசுகளால் ஒன்றுபடுத்தப்பட்டு நிற்கும் குடிப்படை. இப்படிப்பட்ட படையை அந்தச் சிறு ராணுவம் வெல்லுமா என்று கேட்கிறார்.

கேள்வி வலுவானதுதான். ஆனால் அந்த ஐந்து லட்சம் யார்? 1790-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 39 லட்சம் பேர். அவர்களில் ஏழு லட்சம் பேர் அடிமைகள். மேடிசனின் வர்ஜீனியாவில் குடிப்படைக்கு இருந்த அன்றாட வேலைகளில் ஒன்று அந்த அடிமைகள் கிளர்ந்தெழாமல் பார்த்துக்கொள்வது. வர்ஜீனிய ஒப்புதல் மாநாட்டில் குடிப்படையைக் காங்கிரஸ் கைவிட்டுவிட்டால் அடிமைக் கலகத்தை எப்படி அடக்குவது என்ற அச்சத்தைச் சாசனத்தை எதிர்த்த பாட்ரிக் ஹென்றி வெளிப்படையாகவே பேசினார். கொடுங்கோன்மைக்கு எதிரான ஆயுதம் என்ற பேச்சுக்குள் இதுவும் இருந்தது. பிற்காலத்தில், 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி கறுப்பர்களைக் குடிமக்களாக ஏற்க மறுத்தபோது சொன்ன காரணங்களுள் ஒன்று, ஏற்றால் அவர்கள் போகிற இடமெல்லாம் ஆயுதம் எடுத்துப் போவார்களே என்பது.

கணக்கின் மறுபாதி இன்னும் வேடிக்கை. இன்று அமெரிக்காவின் மக்கள்தொகை 33 கோடிக்கு மேல். முழுநேரப் படையினர் சுமார் 13 லட்சம். நூற்றில் ஒரு பங்கு என்ற மேடிசனின் உச்சவரம்பில் பாதியைக்கூட அமெரிக்க ராணுவம் தொடவில்லை. மறுபக்கம் பொதுமக்கள் கையில் 39 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இருப்பதாக 2018-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தலைக்கணக்கில் மேடிசன் இன்றும் ஜெயிக்கிறார். போர் விமானமும் டாங்கியும் அந்தக் கணக்கில் வராதவை.

ஹாமில்டனின் 29-ஆம் கட்டுரைக்கும் இதே கதி. "பொதுமக்களைப் பொறுத்தவரை, அவர்கள் முறையாக ஆயுதமும் தளவாடமும் வைத்திருக்கச் செய்வதற்கு மேல் எதையும் நியாயமாக எதிர்பார்க்க முடியாது" என்ற வரியிலிருந்து ஆயுதத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்வார்கள். கட்டுரையில் அவர் வாதிடுவது வேறு. நாட்டிலுள்ள எல்லா ஆண்களையும் பயிற்சி பெற்ற படையாக்குவது வீண் வேலை, கேடும்கூட என்கிறார். படை நகர்வுகளில் ஓரளவு தேர்ச்சி வரவே ஒரு நாளோ ஒரு வாரமோ போதாது. உழவர்களையும் மற்ற வகுப்பினரையும் அடிக்கடி பயிற்சிக்கு இழுத்தால் உழைப்பும் உற்பத்தியும் கெடும். மக்களுக்கு அது உண்மையான குறையாகிவிடும். ஆகவே பொதுமக்கள் ஆயுதம் வைத்திருக்கட்டும், அதை உறுதிப்படுத்த ஆண்டுக்கு ஓரிரு முறை கூட்டிப் பார்க்கலாம். மற்றபடி அளவோடு தேர்ந்தெடுத்த ஒரு சிறு படைக்கு நல்ல பயிற்சி தரலாம். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று அரசே மக்களை வரவழைத்துச் சரிபார்ப்பதுதான் அவர் சொல்லும் ஏற்பாடு. இன்றைய துப்பாக்கி உரிமைச் சங்கங்கள் எதுவும் இதை வரவேற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மக்கள் கையில் ஆயுதம் இருக்கும், இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஐயமே இல்லை. 28-ஆம் கட்டுரையில் ஹாமில்டன் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: பிரதிநிதிகளே மக்களைக் காட்டிக்கொடுத்தால், எல்லா அரசு வடிவங்களுக்கும் மேலான தற்காப்பு என்ற ஆதி உரிமையைக் கையிலெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதுகிறார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை விரும்புவோர் இந்த வரியைக் கண்டும் காணாமல் போவதும் நேர்மையல்ல. அது ஆட்சியாளர்களுக்கு எதிராக மக்கள் எழுவதைப் பற்றிய வரி என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். இரவில் வீடு புகும் திருடனைப் பற்றியோ, இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதைப் பற்றியோ இந்த 85 கட்டுரைகளில் பேச்சே இல்லை.

துப்பாக்கி உரிமையைச் சாசனத்தில் எழுதி வைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இவர்களிடமிருந்து வரவில்லை. 84-ஆம் கட்டுரையில் ஹாமில்டன் தனியாக ஓர் உரிமைச் சாசனமே வேண்டாம், அது ஆபத்தானதும்கூட என்று வாதிட்டார். தரப்படாத அதிகாரத்துக்கு எதற்கு விலக்கு என்பது அவர் கேள்வி. கோரிக்கை எழுந்தது எதிரணியில். பென்சில்வேனிய மாநாட்டில் 46-க்கு 23 என்ற கணக்கில் தோற்றவர்கள் 1787 டிசம்பரில் வெளியிட்ட மறுப்பறிக்கையில், தம்மையும் தம் மாநிலத்தையும் நாட்டையும் காக்கவும் வேட்டையாடவும் ஆயுதம் தாங்க மக்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். குற்றம் செய்தவர், பொதுமக்களுக்கு உண்மையாகவே ஆபத்து விளைவிக்கக்கூடியவர் ஆகியோரைத் தவிர வேறு யாரிடமிருந்தும் ஆயுதத்தைப் பறிக்கச் சட்டம் கூடாது என்றும் சேர்த்தார்கள். ஃபெடரல் ஃபார்மர் என்ற புனைபெயரில் எழுதியவர் சுதந்திரம் நிலைக்க மக்கள் முழுவதும் எப்போதும் ஆயுதம் வைத்திருப்பது அவசியம் என்றார். இன்றைய தனிநபர் துப்பாக்கி உரிமைக்கு மிக அருகில் வரும் குரல்கள் இவை. ஒப்புதல் சண்டையில் தோற்ற தரப்பின் குரல்கள். தம் கட்சிக்குப் பொருத்தமான எழுத்து அங்கே கிடக்க, பெயரின் மவுசுக்காக மேடிசனைத் தேடிப் போவது பரிதாபம்தான்.

தோற்றவர்கள் கேட்டது எப்படிச் சாசனத்துக்குள் வந்தது? வர்ஜீனியா 89-க்கு 79 என்றும் நியூயார்க் 30-க்கு 27 என்றும் தத்தளித்துத்தான் ஒப்புதல் தந்தன. இரண்டுமே திருத்தங்கள் வேண்டும் என்று கேட்டன. உரிமைச் சாசனங்களைக் காகிதச் சுவர்கள் என்று 1788-இல் ஜெஃபர்சனுக்கு எழுதிய அதே மேடிசன், மறு ஆண்டு ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்துத் தேர்தலில் நின்றபோது திருத்தங்களை ஆதரிப்பதாக வாக்களித்தார். 1789 ஜூன் 8 அன்று காங்கிரஸில் அவர் வைத்த வரைவில் முதலில் மக்களின் ஆயுத உரிமை, அடுத்துக் குடிப்படை, கடைசியில் சமய மனசாட்சிப்படி ஆயுதம் ஏந்த மறுப்பவர்களைப் படைப்பணிக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விலக்கு. வேட்டையும் இல்லை, தற்காப்பும் இல்லை. பென்சில்வேனியர்களின் சொற்களை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. காங்கிரஸின் இரு அவைகளும் அதை மாற்றியமைத்து, 1791 டிசம்பர் 15 அன்று இரண்டாவது திருத்தமாக நடைமுறைக்கு வந்த வடிவம் இது: "நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை ஒரு சுதந்திர மாநிலத்தின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது ஆகையால், ஆயுதங்களை வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படக் கூடாது."

எழுதியவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகு செய்ததும் பார்க்கத் தக்கது. 1792-இல் காங்கிரஸ் இயற்றிய குடிப்படைச் சட்டம் 18 முதல் 45 வயது வரையுள்ள, உடல் திடமுள்ள, சுதந்திரமான வெள்ளை ஆண் ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்குள் தம் செலவில் ஒரு மஸ்கெட் துப்பாக்கி, அதன் முனையில் பொருத்தும் கத்தி, உபரியாக இரண்டு சிக்கிமுக்கிக் கற்கள், முதுகுப்பை, குறைந்தது 24 தோட்டாக்கள் கொள்ளும் பை ஆகியவற்றை வாங்கி வைக்க வேண்டும் என்றது. உரிமையைவிடக் கடமையாகத்தான் அன்றைய சட்டம் ஆயுதத்தைப் பார்த்தது. 1794-இல் மேற்குப் பென்சில்வேனிய விவசாயிகள் விஸ்கி வரியை எதிர்த்து ஆயுதம் எடுத்தபோது ஜார்ஜ் வாஷிங்டன் சுமார் 13,000 குடிப்படையினரைத் திரட்டி அனுப்பினார். அந்தப் படையோடு போனவர் ஹாமில்டன். ஆதி உரிமையைப் பற்றி எழுதிய கை, வரி கட்ட மறுத்து அதைக் கையிலெடுத்தவர்களை ஒடுக்கப் போனது.

மேடிசனுக்கும் ஒரு சோதனை காத்திருந்தது. 1814 ஆகஸ்ட் 24, அவர் அப்போது ஜனாதிபதி. தலைநகரை நோக்கி வந்த ஆங்கிலேயப் படையை பிளேடன்ஸ்பர்க்கில் தடுத்து நின்றது பெரும்பாலும் குடிப்படை. மேடிசனே குதிரையேறிப் போர்க்களத்துக்குப் போயிருந்தார். எண்ணிக்கையில் குறையாத அந்தப் படை சிதறி ஓடியது. அன்றிரவே வெள்ளை மாளிகையும் காங்கிரஸ் கட்டடமும் எரிந்தன. 46-ஆம் கட்டுரையின் கணக்கு அவர் கண் முன்னாலேயே தோற்றது. குடிப்படையை நம்புவது முறிந்த ஊன்றுகோலில் சாய்வது போன்றது என்று 1776-லேயே எழுதியிருந்தார் வாஷிங்டன்.

இனி நீதிமன்றம். 1939-இல் மில்லர் வழக்கில், குழல் அறுக்கப்பட்ட ஷாட்கன் குடிப்படைக்குப் பயன்படும் என்று காட்டப்படாததால் அதற்குச் சாசனப் பாதுகாப்பு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அதன் பிறகு எழுபது ஆண்டுக்காலம் கீழ் நீதிமன்றங்கள் இரண்டாவது திருத்தத்தைக் குடிப்படையோடு இணைத்தே பெரும்பாலும் படித்தன. 2008-இல் ஹெல்லர் வழக்கு அதைப் புரட்டியது. வாஷிங்டன் நகரம் 1976 முதல் கைத்துப்பாக்கியை ஏறத்தாழ முழுமையாகத் தடைசெய்திருந்தது. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிநபர் உரிமை என்று எழுதினார் நீதிபதி ஸ்காலியா.

அவர் மேடிசனை எப்படிப் பயன்படுத்தினார் என்பது கவனிக்க வேண்டிய இடம். ஆயுதம் ஏந்திய ஐந்து லட்சம் குடிமக்கள் என்ற 46-ஆம் கட்டுரையின் சொற்களை, குடிப்படை என்றால் உடல் திடமுள்ள ஆண்கள் அனைவரும் என்று காட்டுவதற்கு எடுத்துக்கொண்டார். நிரந்தரப் படையைத் தேவையற்றதாக்குவது குடிப்படை என்பதற்கு ஹாமில்டனின் 29. இரண்டும் சரியான பயன்பாடுதான். ஆனால் தற்காப்பு என்ற தீர்ப்பின் மையத்துக்கு ஃபெடரலிஸ்டிலிருந்து ஆதாரம் வரவில்லை, வரவும் முடியாது. அதற்கு அவர் 1689-ஆம் ஆண்டின் ஆங்கிலேய உரிமைச் சாசனத்துக்கும், ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனுக்கும், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் சாசனங்களுக்கும் போனார். தீர்ப்பின் பிற்பகுதியில் இன்னொன்றும் செய்தார்: இன்றைய குடிப்படை பயனுள்ளதாக இருக்க வேண்டுமானால் பொதுமக்களிடம் காணாத நவீன ஆயுதங்கள் தேவைப்படலாம், ஆனாலும் உரிமையின் பொருள் மாறாது என்றார். எம்-16 போன்ற ராணுவத் துப்பாக்கிகளைத் தடைசெய்ய இடம் விட்டபடி அவர் சொன்ன இந்த வரியோடு, கொடுங்கோன்மைக்கு எதிரான படை என்ற மேடிசனின் வாதம் நடைமுறைச் சட்டத்திலிருந்து கழன்றுகொண்டது. மேடைகளில் அது இன்றும் முழங்குகிறது. ஹெல்லர் தீர்ப்பில் உரிமை நின்றது வீட்டு வாசலில். மறுப்புத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், பென்சில்வேனியர்கள் கேட்டும் மேடிசன் எடுத்துக்கொள்ளாத சொற்களைச் சுட்டிக் காட்டினார். அந்த வாதத்துக்கு ஸ்காலியா தந்த பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

2022-இல் புரூயன் வழக்கில் நீதிபதி தாமஸ், துப்பாக்கிச் சட்டம் எதுவும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகிறது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றார். அன்று முதல் மாவட்ட நீதிமன்றங்களில்கூட பதினெட்டாம் நூற்றாண்டுத் தாள்களைப் புரட்டும் வேலை. 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காகத் தடையுத்தரவுக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி கூடாது என்ற சட்டத்தை எட்டுக்கு ஒன்று என்று காப்பாற்றினார்கள். அச்சு அசலாக ஒரு பழைய சட்டம் வேண்டியதில்லை, அடிப்படைக் கோட்பாடு பொருந்தினால் போதும் என்று பிடி தளர்ந்தது. ஆபத்தானவரை விலக்கலாம் என்ற அந்தப் பென்சில்வேனிய வரி, தோற்றவர்களுடையதானாலும், இந்த முடிவுக்கு மேடிசனைவிட நெருக்கமானது.

ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் துப்பாக்கிச் சட்டத்தை உண்மையிலேயே தீர்மானித்த வழக்கு வேறொன்று. இரண்டாவது திருத்தம் அதில் கிட்டத்தட்ட இல்லை. 1993-இன் பிரேடி சட்டம், கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையை, தேசியக் கணினி ஏற்பாடு தயாராகும்வரை, உள்ளூர்க் காவல் தலைவர்களிடம் கொடுத்தது. மொன்டானாவைச் சேர்ந்த ஜே பிரின்ட்ஸ் என்ற ஷெரீஃபும் அரிசோனாவைச் சேர்ந்த ரிச்சர்ட் மேக் என்ற ஷெரீஃபும், மத்திய அரசு எங்களுக்கு வேலை ஏவ முடியாது என்று வழக்காடினார்கள். 1997-இல் ஐந்துக்கு நான்கு என்று வென்றார்கள். தீர்ப்பின் இரு பக்கமும் 27-ஆம் கட்டுரையின் ஒரே வாக்கியத்தைப் பிடித்து இழுத்தன. மாநிலங்களின் சட்டமன்றங்கள், நீதிமன்றங்கள், அதிகாரிகள் எல்லாரும் மத்திய அரசின் இயக்கத்தில் இணைக்கப்பட்டு, அதன் சட்டங்களை நிறைவேற்றத் துணையாவார்கள் என்று ஹாமில்டன் எழுதிய வாக்கியம் அது. தாம் நினைத்ததைவிட நெருக்கமான வழக்கு இது, தம் முடிவைத் தீர்மானித்தது ஃபெடரலிஸ்ட்தான் என்று வெளிப்படையாக எழுதி, நீதிபதி சூட்டர் அரசின் பக்கம் நின்றார். ஸ்காலியாவோ, மத்திய அரசின் அதிகாரத்தை யாரைவிடவும் விரித்துப் பேசியவர் ஹாமில்டன், நிலைத்தது மேடிசனின் பார்வையே என்று ஒதுக்கினார். புனைபெயர் ஒன்றாக இருந்தும் பப்ளியஸ் இரண்டாகப் பிளந்தார்.

அந்தத் தீர்ப்பின் பலம் குறையவில்லை. மத்தியத் துப்பாக்கிச் சட்டங்களுக்கு எங்கள் அதிகாரிகள் உதவமாட்டார்கள் என்று அறிவிக்கும் மாவட்டங்களும் மாநிலங்களும் அதன் நிழலில்தான் நிற்கின்றன. 2021-இல் மிசௌரி மாநிலம் இன்னும் தாண்டிப்போய், அந்தச் சட்டங்களில் சிலவற்றை மாநிலத்துக்குள் செல்லாதவை என்றே சட்டமியற்றியது. 2024-இல் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. உதவ மறுக்கலாம், செல்லாதென்று சொல்ல முடியாது என்பதுதான் கோடு. குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்த எங்கள் போலீஸை அனுப்பமாட்டோம் என்று சொல்லும் நகரங்கள் தம் வழக்குகளில் முதலில் எடுத்து வைப்பதும், இரண்டு ஷெரீஃபுகள் துப்பாக்கிக்காக வென்ற அதே பிரின்ட்ஸ் தீர்ப்பைத்தான்.